நூற்றுப்பத்து பவுண்டு

பண்ணைப் பிள்ளைகளுக்கான எங்கள் கிளப்பின் மாதக் கடிதத்தை மார்லா குசெரா பதினோரு வருடமாக எழுதிவந்தாள். பிரென்னர் மாவட்டத்துப் பண்ணை வீடுகளில் அந்தக் கடிதம் இல்லாத அடுப்படி கிடையாது. யாருக்கு எப்போது பிறந்தநாள், டிராக்டர் பாதுகாப்பு வகுப்பு எந்தச் சனிக்கிழமை, முகாமுக்குப் போகும் பிள்ளைகள் என்னென்ன எடுத்துவர வேண்டும், தையல் போட்டிக்குத் துணி எத்தனை கெஜம் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு சமையல் குறிப்பு வரும். நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தபாலில் போகும். பள்ளிக்கூட சமையலறையில் வேலை முடிந்து வந்து, கையில் வெங்காய வாசனை போகாமலேயே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காருவாள்.

தாள்களை மடித்துத் தபால்தலை ஒட்ட நான் போவேன். என் பெயர் ஆர்டித், பக்கத்துப் பண்ணைக்காரி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாற்பது ஏக்கர் மக்காச்சோளம்தான். அது முழங்கால் அளவு இருக்கும்போது அவர்கள் துணி காயப்போடுவது என் சன்னலில் தெரியும். தலைக்கு மேல் வளர்ந்துவிட்டால் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் கேட்ட சத்தம் நோலீன் அழுதது. மார்லாவுக்கும் அவள் கணவன் டுவெயினுக்கும் ஒரே பெண். பதினாலு வயது. பிப்ரவரிப் பனியில் பிறந்த கருமூஞ்சிச் செம்மறி ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். காயடித்த கிடா. மர்பி என்று பெயர். விடிந்ததும் அதைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்துச் சரளைக்கல் ரோட்டில் அரை மைல் நடத்திக்கொண்டு போவாள். கயிறு கிடையாது. தாடைக்கடியில் ஒரு கை, காதுக்குப் பின்னால் ஒரு கை. மாவட்டப் பொருட்காட்சியின் ஆட்டுப் போட்டியில் அப்படித்தான் நடத்திக் காட்ட வேண்டும்.

அந்த ஜூனில் ஒருநாள் டுவெயின் தானியக் கிடங்கு வேலைக்கு அவசரமாகக் கிளம்பும்போது தீவன அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். மர்பி உள்ளே புகுந்து உடைத்த சோளத்தை வயிறு வெடிக்கத் தின்றுவிட்டது. எட்டு நாள் கழிச்சல். பட்டி முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாய் நாறியது. நோலீன் சமையல் சோடாவைக் கரைத்து வாயில் ஊற்றுவதும், பின்கால்களை வெந்நீரில் துடைப்பதுமாகக் கிடந்தாள். ஆடு பிழைத்தது. ஆனால் எடை போய்விட்டது.

எடைதான் சங்கடம். ஆகஸ்ட் பொருட்காட்சியில் காலையில் தராசில் நூற்றுப்பத்து பவுண்டு காட்டினால்தான் போட்டிக் களத்துக்குள் விடுவார்கள். ஒரு பவுண்டு குறைந்தாலும் பட்டியிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஜூலைக் கடிதத்தை மடிக்கும்போது மார்லா ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினாள். "ஆடுமாடுகளின் வாயில் குழாய் விட்டுத் தண்ணீரோ வேறெதுவோ ஏற்றக் கூடாது. பெற்றோர் வேலிக்கு வெளியே நிற்கவும். வேலை பிள்ளைகளுடையது."

"வருஷா வருஷம் இதைப் போடுறியே, யாராச்சும் படிக்கிறாங்களா?" என்றேன்.

"கேக்கு செய்முறையை மட்டும் படிக்கிறாங்க. சர்க்கரை அளவு தப்பாப் போச்சுன்னா அடுத்த நிமிஷம் போன் வரும்."

டுவெயின் அப்போது மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து மகளின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். தினமும் எடுத்த எடையை அதில் நோலீன் எழுதி வைத்திருந்தாள். "தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது. ஒரு கதவு, மார்லா. ஒரு கொண்டியை மாட்டாம விட்டேன்" என்றான்.

"அவ உன்னை ஒரு வார்த்தை சொன்னாளா?"

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

*

பொருட்காட்சி அன்று காலை ஏழு மணிக்கே வெயில் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. பன்றிக் கொட்டகைப் பக்கமிருந்து மூத்திர நெடியும், எண்ணெயில் மாவு பொரிக்கிற வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. தராசு மேசையில் நான்தான் எடை எழுதினேன்.

நோலீன் மர்பியைக் கொண்டுவந்தாள். டுவெயின் பின்னால் நின்றான். முள் ஆடி ஆடி நூற்றுப்பத்தரையில் நின்றது.

"போன வாரம் நூத்தியாறுன்னு சொன்னாங்களே உங்கம்மா," என்றேன். "நல்லாத் தின்னானா?"

 டுவெயின்தான் சொன்னான்: "தின்னான், தின்னான். எழுது ஆர்டித்."

ஆட்டின் தாடைக்கடியில் கம்பளி நனைந்திருந்தது. மூக்கில் ஒரு துளி நீர் தொங்கியது. அது விழுந்ததும் இன்னொன்று வந்தது. வாளியில் மூக்கை விட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. நூற்றுப்பத்தரை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டைக் கையாளும் திறமைக்கான போட்டி. மரத்தூள் பரப்பிய களத்தில் பதினாலு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எல்லா ஆடும் துள்ளியது. ஒன்று பிடியை உதறிக்கொண்டு ஓடிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தது. மர்பி மட்டும் நாலு காலையும் ஊன்றி நின்றது நின்றபடியே இருந்தது. தலையை நீட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நின்றது.

வெளி மாவட்டத்திலிருந்து வந்த நடுவர், வெள்ளைத் தொப்பிக்காரர், மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணையும் இந்த ஆட்டையும் எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. ஆடு அசையுதா பாருங்க. பல மாச உழைப்பு இல்லாம இப்படி நிக்காது. இதுக்குப் பேருதான் பழக்கம்."

கூட்டம் கைதட்டியது. முதல் பரிசான ஊதா ரிப்பனை நோலீன் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுக்க வேலியோரம் நிறுத்தினார்கள். டுவெயின் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன் நான் அவன் கல்யாணத்தில்தான் பார்த்திருந்தேன்.

பட்டிக்குத் திரும்பும் வழியிலேயே மர்பி முன்னங்கால் மடிந்து விழுந்தது. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் நுரை வந்தது. முதலில் வெள்ளை, அப்புறம் இளஞ்சிவப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ கொதிப்பது மாதிரி சத்தம். பக்கத்துப் பட்டியில் ஐஸ் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். கால்நடை டாக்டர் ஊசியோடு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. நுரை மட்டும் அப்புறமும் வந்துகொண்டிருந்தது. ஈக்கள் அதில் உட்கார்ந்தன.

டாக்டர் விலாவை அமுக்கிப் பார்த்தார். மூக்கு வழியே தண்ணீர் வழிந்தது. அவர் டுவெயினை நிமிர்ந்து பார்த்தார். டுவெயின் அந்த நேரம் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் துடைத்தான்.

"நுரையீரல்ல தண்ணி," என்றார் டாக்டர்.

கிளப் தலைவர் ஜீன் ஸ்டால்ட்டன்பர்க் அதற்குள் வந்து சேர்ந்திருந்தான். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவன். எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு திருகாணி வைத்திருப்பான். டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வெயில், டாக்டர். இன்னைக்கு நூறு டிகிரி. வெயில்னு எழுதிருவோம். புள்ளைங்க பாக்குது," என்றான்.

எல்லோரும் வெயில் என்றார்கள். பொரித்த மாவு விற்கிறவள்கூட, "பாவம், என்ன வெயில்!" என்றாள். நானும் சொன்னேன். மார்லா மட்டும் சொல்லவில்லை. அவள் கீழே உட்கார்ந்து ஆட்டின் தாடைக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு விரலைத் தன் உடுப்பில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

*

நோலீன் ஒன்பது நாள் பேசவில்லை. சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், கோழிக்கு இரை போட்டாள். பேச்சுதான் இல்லை. பத்தாம் நாள் நான் அங்கே இருந்தேன். செப்டம்பர் கடிதத்துக்கான தாள்கள் மேசை முழுக்கக் கிடந்தன. திறமைப் போட்டியில் ஜெயித்த பிள்ளை அந்த வருட அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தரும், அது செப்டம்பர் கடிதத்தில் வரும் என்பது கிளப்பின் வழக்கம். நோலீன் வந்து ஒரு தாளை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மார்லா படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். என் பக்கம் தள்ளினாள். அதில் இருந்தது இதுதான்:

"என் செம்மறியின் பெயர் மர்பி. பிப்ரவரி ஒன்பதாம் தேதி பிறந்தது. பொருட்காட்சிக்கு முந்தின நாள் அதன் எடை நூற்றாறு பவுண்டு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா ரப்பர் குழாயும் புனலும் கொண்டுவந்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை தண்ணீர் ஊற்றியபோது மர்பி இருமியது, மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. அப்பா குழாயை வெளியே இழுத்து மறுபடி விட்டார். இரண்டு லிட்டருக்கு மேல் போனது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் களத்துக்குப் போக ஆசையாக இருந்தது. ஆடு அசையாமல் நின்றதற்காக நடுவர் எனக்குப் பரிசு கொடுத்தார். மூச்சு விட முடியாததால் அது அசையவில்லை. என் கைக்கு அது தெரிந்தது. பரிசு கொடுக்கும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மர்பி வெயிலால் சாகவில்லை. இந்த வருடம் நான் கற்றுக்கொண்டது, தலையை எப்படிப் பிடிப்பது என்று."

 தராசு மேசையில் நான் போட்ட கையெழுத்து கண் முன்னால் வந்தது.

டுவெயின் வேலை முடிந்து, தானியத் தூசி அப்பிய முகத்தோடு உள்ளே வந்தான். எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். தாளைப் பார்த்தான். படிக்காமலே தெரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் எடுத்துப் படித்தான்.

"இதை எங்க போடப் போறீங்க?"

"வழக்கமா போடுற இடத்துல," என்றாள் மார்லா.

"பைத்தியமா உனக்கு? நான் இந்த ஊர்ல இருக்க வேண்டாமா? கிடங்குல நிக்க வேண்டாமா?"

"குழாயை எங்க வாங்கின, டுவெயின்?"

"அது எதுக்கு இப்ப?"

"இல்ல, சொல்லு. என் அடுப்படிப் புனலைத்தான எடுத்த? கழுவி மறுபடி மாட்டி வச்சிருக்க. நேத்து அதுலதான் நான் ஊறுகாய்த் தண்ணி ஊத்தினேன்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அவளுக்காகத்தான் செஞ்சேன். என் தப்பாலதான எடை போச்சு? அதைத்தான் சரிக்கட்டப் பாத்தேன். நாலே நாலு பவுண்டு. தண்ணிதான, விஷமா? எல்லாரும் செய்றாங்க, மார்லா. ஊருக்குள்ள எல்லாரும் செய்றதுதான்."

"யாரு? ஒரு பேரைச் சொல்லு."

"எல்லாரும்னா எல்லாரும்தான். பேரு எதுக்கு? ஜெயிக்கிறவன் வேற எப்படி ஜெயிக்கிறான்னு நினைக்கிற?"

"வருஷா வருஷம் நான் தட்டச்சு பண்றேனே, குழாய் விடாதீங்கன்னு. யாருக்குப் பண்றேன்? என் புருஷனுக்கா?"

நோலீன் வாயைத் திறந்தாள். ஒன்பது நாள் கழித்து வந்த குரல் கரகரத்தது. "அப்பா, நான் உங்க மேல மட்டும் எழுதல. என் மேலயும்தான் எழுதியிருக்கேன்."

"அதுதான்டி எனக்குத் தாங்கல!" என்று கத்தினான். "என்னைப் பத்தி எழுதிக்க. தலையைப் பிடிச்சேன்னு ஏன் எழுதணும்? நான்தான உன்னைப் பிடிக்கச் சொன்னேன்?"

"பிடிச்சேனே."

அவன் எழுந்து தொட்டியில் முகம் கழுவப் போனான். தண்ணீர் நிறைய நேரம் ஓடியது.

மார்லா மகளை உட்கார வைத்தாள். "இங்க பாரு. இது நூத்திப் பன்னெண்டு வீட்டுக்குப் போகும். பள்ளிக்கூட பஸ்ஸுல பேசுவாங்க. சர்ச்சுல பேசுவாங்க. அப்புறம் திருப்பி வாங்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்மா. பட்டியில எல்லாரும் வெயில் வெயில்னு சொன்னப்ப எனக்கு வாந்தி வந்துச்சு. நானும் பேசாம இருந்தேன்ல. அதான்."

மறுநாள் ஜீன் வந்தான். டுவெயின் சொல்லியிருப்பான். மார்லா கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"மார்லா, இது குடும்பங்களுக்குப் போற கடிதம். பிறந்தநாள், முகாம், பரங்கிக்கா கேக்கு. அதுல போய்ச் செத்த ஆட்டைப் போடலாமா?"

"செத்ததும் ஒரு குடும்பத்து ஆடுதான, ஜீன்."

"புதுசா சேர வர்றவங்க என்ன நினைப்பாங்க? வெயில்னு முடிஞ்சு போன விஷயம். ரிப்பனை நாங்க திரும்பக் கேக்கல, பாரு. பெருந்தன்மையா விட்டுட்டோம்."

"நீங்க கேக்க வேண்டாம். அவளே நேத்து உங்க கடைக் கதவுல செருகிட்டு வந்துட்டா. நீங்க பாக்கல போல."

ஜீன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அடுத்த வருஷம் கடிதத்தை வேற யாராச்சும் எழுதட்டும்."

"எழுதட்டும். இந்த மாசம் நான் எழுதுறேன்."

அன்று சாயங்காலம் நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களை மடித்தோம். மூன்றாம் பக்கத்தில் நோலீன் எழுதியது இருந்தது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அதற்குக் கீழே காளான் வளர்ப்பு வகுப்பு. பின்பக்கத்தில் பரங்கிக்காய் கேக். மடித்த விரல்கள் மசியில் கறுத்துப்போயின.

*

கடிதங்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை காலை மார்லாவின் அடுப்படியில் தக்காளி அடைத்துக்கொண்டிருந்தோம். நாலு கூடைப் பழம். கொதிநீரில் போட்டு எடுத்துத் தோலை உரிப்பது நான், நறுக்குவது நோலீன், ஜாடியில் நிரப்பி மூடுவது மார்லா. டுவெயின் கசங்கிய சட்டையோடு சன்னலோரம் உட்கார்ந்து, தின்னாத முட்டையை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில் பேசியதெல்லாம் "உப்பு", "சாவி" என்பதோடு சரி.

எட்டு மணிக்கு முதல் போன். ஜீன். மார்லா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள், வைத்தாள். அடுத்தது எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற கிழவி. "அந்தப் பொண்ணுக்கு முதுகெலும்பு இருக்கு," என்று சொல்லிவிட்டு மார்லா நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மூன்றாவதாக ஒரு பெண். மார்லா வெகுநேரம் கேட்டாள். "ஒரு கப்," என்றாள். "இல்ல, ரெண்டு இல்ல. அச்சு மங்கியிருக்கும். ஒரு கப் சர்க்கரைதான்." அப்புறம் "வேற ஏதாச்சும் படிச்சியா அதுல?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். மார்லா வைத்துவிட்டுத் தக்காளித் தோல் கிடந்த பேசினைப் பார்த்தபடியே நின்றாள்.

"என்னம்மா?" என்றாள் நோலீன்.

"காளான் வகுப்புக்கு இடம் இருக்கான்னு கேட்டா."

நோலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்லாவுக்கும் வந்தது. நானும் சிரித்தேன், ஆனால் நல்ல சிரிப்பு இல்லை அது. டுவெயின் சிரிக்கவில்லை.

ஒன்பதரைக்கு நாலாவது போன். மார்லாவின் கை இரண்டும் தக்காளிச் சாறு. டுவெயின்தான் பக்கத்தில் இருந்தான். எடுத்தான். பேசியது ரோலண்ட் ஹாவ்லிக், மாவட்டத்தின் வடக்குக் கோடியில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறவன். காது மந்தம். போனில் எப்போதும் கத்துவான். அடுப்படி முழுக்கக் கேட்டது.

"டுவெயின்! உன் பொண்ணு எழுதினதைப் படிச்சேம்ப்பா! அடேயப்பா!"

"சொல்லு ரோலண்ட்."

"ரெண்டு லிட்டருக்கு மேலன்னு போட்டிருக்கே, நெசமாவா? எங்க கிடாவுக்கு ஒன்றரைக்கு மேல போனா தள்ளாடுது. நீ எந்த அளவு குழாய் விட்ட?"

 "ரோலண்ட், ஆடு செத்துப்போச்சு."

"அது தெரியுதுப்பா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ குழாயை மூச்சுக்குழல்ல விட்டுட்ட. விட்டதும் இந்தப் பக்கத்து நுனியில காதை வச்சுப் பாக்கணும். காத்து வந்துச்சுன்னா தப்பான இடம். வெளிய எடுத்துறணும். எங்க மூணு பசங்களுக்கும் நான் அதைத்தான் முதல்ல சொல்லிக்கொடுத்தேன். மூத்தவன் போன வருஷம் ஜெயிச்சானே, அது ஒன்னே கால் லிட்டர். வெல்லப்பாகு கொஞ்சம் கலந்துக்க, சீக்கிரம் மூத்திரமாப் போகாது. பக்கத்துப் பண்ணை பாட்ரிக்கும் அதான் செய்றான். தெற்கத்திக்காரங்க எல்லாம் உப்பு போடுறாங்க. அடுத்த வருஷம் சரியா வந்துரும், மனசை விட்றாத. பொண்ணு கிட்டயும் சொல்லு. நல்லாப் பிடிச்சிருக்கா தலையை!"

நோலீன் கத்தியைக் கீழே வைத்தாள். நறுக்கிய தக்காளியிலிருந்து சாறு மேசை விளிம்பு வழியாகத் தரையில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

"டுவெயின்? இருக்கியா? கேக்குதா?" என்று போன் கத்தியது.

டுவெயின் போனைச் சுவரில் மாட்டினான்.  மார்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

அவன் முட்டைத் தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டினான். தட்டைக் கழுவினான். கையையும் கழுவினான். ஈரக் கையைத் துடைக்காமலே திரும்பி நின்றான். 

"எல்லாரும் செய்றாங்கன்னு நான் சும்மாதான் சொன்னேன், மார்லா," என்றான். "எனக்கு ஒருத்தனையும் தெரியாது. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."